பழைய மீட்டர் கேஜ் நிலையக் கட்டடத்தை இடிக்காமல் சுண்ணாம்புக் காரையிலேயே பழுதுபார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
கிராமப் பொதுமக்கள் மற்றும் ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளர்கள்,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே, திருச்சிராப்பள்ளி கோட்டம்.

பொருள்: விழுப்புரம் – மயிலாடுதுறை பாதையில் பூட்டிக் கிடக்கும் எங்கள் ஊர் பழைய நிலையக் கட்டடம் – வடகிழக்குப் பருவமழைக்கு முன் பழுதுபார்க்க வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

1874-இல் இரண்டு கம்பெனிகள் ஒன்றாகிப் பிறந்த தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதையில் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை) எழுந்த கட்டடம் இது. 2006-இல் அந்த ரயில்கள் நின்றன. 2010-இல் அகலப் பாதையில் ரயில் திரும்பியபோது டிக்கெட் அறை புதுக் கட்டடத்துக்குப் போனது, பழையது பூட்டப்பட்டது. 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்த தானே புயலையும் தாங்கி நின்ற சுவர், இப்போது தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை மாவாகக் கொட்டுகிறது.

காரணம் கட்டடத்தின் வயது அல்ல. பழைய நடைமேடை தாழ்வானது. புதியதைத் தண்டவாள மட்டத்திலிருந்து 76 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தினார்கள். நடைமேடைத் தரை தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கமாக 60-க்கு 1 என்ற சரிவில் இருப்பது விதிப்படி சரிதான். ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பது இந்தச் சுவர். பெய்யும் மழையெல்லாம் இதன் காலடிக்கு வந்து, இப்போது பள்ளமாகிவிட்ட வாசற்படி வழியே உள்ளேயும் நுழைகிறது. போதாததற்குச் சுவரின் அடிப்பகுதிக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரம் வெளியே ஆவியாக வேண்டும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டதால் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து செங்கல்லை உரிக்கிறது. பூச்சைத் தட்டினால் பொத்தென்று ஓசை வரும். பெயர்த்தால் வெள்ளை உப்பும் செம்மண் போன்ற தூளும் கையோடு வரும்.

ஆகவே முதல் வேலை வடிகால். சுவரை ஒட்டி ஆழமில்லாத கால்வாய் அமைத்துப் பக்கவாட்டு ஓடையில் விட வேண்டும். அதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் அடுத்த மழைக்குப் பணம் தண்ணீரில்தான். அடுத்து சிமெண்ட் பூச்சை உளியால் மெதுவாக எடுத்து, சுவரை ஒரு கோடை காயவிட்டு, ஊறவைத்து நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 2 முதல் 3 பங்கு என்ற காரையால் பூச வேண்டும். பூசிய பின் சில நாட்கள் ஈரச்சாக்கு போட்டு வைக்க வேண்டும். இது வெயிலும் காற்றும் கேட்கும் வேலை; செப்டம்பருக்குள் முடியாவிட்டால் தை மாதத்துக்குத் தள்ளுவதே மேல்.

மேற்கு மூலையில் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறது. பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் வரும். தண்டை அறுத்து, வெட்டுவாய் காயுமுன் களைக்கொல்லி தடவி, வேர் பட்டுப்போன பிறகே செங்கல் மூட்டுகளைத் திறந்து எடுக்க வேண்டும். ஆசிட் ஊற்றுவார்கள் சிலர். அது மரத்துக்கு முன்னால் சுண்ணாம்பைத்தான் தின்னும். தண்டவாளப் பக்கம் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி போவதால், அந்தப் பக்கக் கிளைகளை மின்தடை அனுமதி பெற்றுத்தான் வெட்ட வேண்டும்.

கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, ஜல்லிக் காரை போட்டு அடித்த தளம். கட்டையின் நடுப்பகுதி நன்றாக இருந்தாலும் சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் உளுக்கும். ஒவ்வொரு முனையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, கீழே முட்டுக் கொடுத்த பிறகே ஆட்களை மேலே ஏற்ற வேண்டும்.

உள்ளே டோக்கன் கருவி இருந்த மேடை, ஓட்டுநருக்கு டோக்கனை வைத்துக் கொடுக்கும் பிரம்பு வளையம் மாட்டிய கொக்கி, மண்ணெண்ணெய் விளக்குகளுக்கான தனி அறை ஆகியவை அப்படியே உள்ளன. ஒற்றைப் பாதையில் ஓட்டுநர் கையில் டோக்கன் இல்லாமல் அடுத்த நிலையத்துக்கு வண்டி நகராது என்பதை ஒரு பிள்ளைக்குச் சொல்ல, அந்தக் கொக்கி ஒன்றே போதும். தாழ்வாரத் தூண்களாக நிற்பவை பழைய தண்டவாளங்கள்; துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் ஆலைப் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தாகத் தெரியும். இவற்றைத் திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனாலும் எங்களுக்குச் சம்மதமே. பழைய இரும்பு ஏலத்துக்கு மட்டும் போய்விடக் கூடாது.

எனவே இடிப்புக்கான மதிப்பீடு தயாராகுமுன் பொறியியல் பிரிவும் பாரம்பரியப் பிரிவும் கூட்டாக நேரில் பார்வையிடவும், வடிகால் வேலையை மட்டுமாவது இந்த ஆண்டே முடிக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிராமப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

நகல்: மாவட்ட ஆட்சியர், கடலூர்.