சட்டை மடிப்பு

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள பாப்பா,

கார்ன்போர்த் ஸ்டேஷன் கடிகாரத்துக்குக் கீழே நின்று நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன ஞாயிறு இரண்டு பேருமாக உட்கார்ந்து, அந்த ஸ்டேஷனில் எடுத்த பழைய இங்கிலீஷ் படம் ‘ப்ரீஃப் என்கவுன்டர்’ பார்த்துவிட்டோம். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. நம் படமாக இருந்தால் இடைவேளைதான் வந்திருக்கும்.

அப்பா பார்த்தது ரயிலை மட்டும்தான். புகை, சத்தம், எந்தப் பக்கம் எந்த வண்டி, இதே பேச்சு. 1945 தொடக்கத்தில், சண்டை முடிவதற்குள் எடுத்த படமாம். லண்டன் பக்கம் இரவில் விளக்குப் போட பயந்துதான் வடக்கே உங்கள் ஊர்ப் பக்கம் வந்தார்களாம். “அப்போ என் அப்பா ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் ரோட்டுல இருந்தாரு” என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அந்த ஃப்ரெட் மாதிரி மக்குப் புருஷன் வாய்த்தால் லாரா வேறு என்னதான் செய்வாள் என்று எழுதியிருந்தாய்.

எனக்கு லாரா மேல் கோபம் இல்லை. கண்ணில் விழுந்த கரித்தூளை ஒரு டாக்டர் எடுத்துவிட்டார், வியாழக்கிழமைதோறும் பார்த்துக்கொண்டார்கள், மனசு போய்விட்டது. கடைசியாகப் பிரியும்போதுகூட லாராவுக்குத் தெரிந்தவள், அந்த டாலி, வந்து உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுகிறாள். ஆப்பிரிக்காவுக்குப் போகிறவன் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் இவள் தோளை அழுத்திவிட்டுப் போகிறான். நம் வரிசையில் கடைசி வீட்டு அக்கா இருந்தாரே, அவர் நினைவுதான் வந்தது. நான் அழலாம் என்று உட்கார்ந்தால் கிண்ணத்தோடு வாசலில் நிற்பார்.

ஆனால் ஃப்ரெட் மக்கு இல்லை, பாப்பா. குறுக்கெழுத்து போட்டுக்கொண்டே இருக்கிற மனுஷன், கடைசியில் எழுந்து வந்து, ரொம்பத் தூரம் போயிருந்தாய், என்னிடம் திரும்பி வந்ததற்கு நன்றி என்கிறான். எவ்வளவு தெரிந்து சொன்னான் என்று படத்தில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

நீ இரண்டாம் ஆண்டு படித்தபோது அப்பா பட்டர்வொர்த் போகிற இரவு ரயிலில் கார்டு. ஓய்வு நாளிலும் அங்கேயே தங்க ஆரம்பித்தார். பையைத் திறந்தால் சட்டை துவைத்து மடித்திருக்கும். நான் கையை உள்ளே தள்ளி மூன்றாக மடிப்பேன். அது நான்காக மடித்திருந்தது, காலர் மேலே தெரிகிற மாதிரி. நான் அதை உதறி, என் மடிப்பில் மடித்து, அலமாரியில் வைத்தேன். ஏழெட்டு மாதம் அப்படியே போனது. கேட்கவில்லை. பொறுமை என்று நினைத்துவிடாதே. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்ற பயம்.

அப்புறம் ஒரு நாள் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் வந்துவிட்டார். வாசலில் ஷூவைக் கழற்ற ரொம்ப நேரம் ஆனது. “முந்தாநேத்து மீன் குழம்பு இருக்கு, சுட வைக்கவா?” என்றேன். நன்றியெல்லாம் நான் சொல்லவில்லை. ஒரு மாதம் ரசத்தில் உப்புக் கூடவே போட்டேன். வாயைத் திறக்காமல் குடித்தார்.

சம்பல் பாட்டிலைத் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன், மெதுவாகப் பிரி. ஞாயிறு போன் பண்ணும்போது அப்பாவிடம் படத்தைப் பற்றிக் கேட்டால் இன்ஜினைப் பற்றி மட்டும் கேள். அரை மணி நேரம் பேசுவார்.

அம்மா