ஒன்பது நாள் பேசாமல் இருந்தேன்

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. வேலை அதிகம் என்று உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. கோபம்தான். அப்பா போன மறுவாரம் நான் போனில் அழுது அழுது பேசியபோது நீ ஒரு ‘ம்’ கூடக் கொட்டாமல் இருந்தாயே, அந்தக் கோபம். இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிவலி தேவலையா?

போன மாதம் எனக்குக் குரல் போய்விட்டது. குரல்நாணில் சின்ன முடிச்சாம். ஒன்பது நாள் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணக்குப்புலி போன் செய்து, "வாயாடிக்கு வாய்ப்பூட்டா?" என்று அப்படிச் சிரித்தாள். எனக்குத் திட்டக்கூட வழியில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த சின்னவள், "அம்மா, இந்தப் படிப்பு எனக்குப் பிடிக்கல" என்றாள். குரல் இருந்திருந்தால் ஏன், என்ன, யார் என்ன சொன்னா என்று அடுக்கியிருப்பேன். அவளும் வழக்கம்போல "ஒண்ணுமில்லம்மா" என்று உள்ளே போயிருப்பாள். அன்றைக்கு என்னால் முடியவில்லை. ஒரு தட்டைத் துடைத்தாள், இன்னொன்றைத் துடைத்தாள். நான்காவது தட்டுக்குப் பிறகு அடுத்த வாக்கியம் வந்தது. அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினாள். பதினேழு வயதாகிறது, அவள் இத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அவளுக்குப் பேச வராது என்றே நினைத்திருந்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 2009-இல் பத்து மொழிகளில் பேசுகிறவர்களை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவர் கேள்வியை முடித்து மற்றவர் பதிலை ஆரம்பிக்கிற இடைவெளி, சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான்! அத்தனை சீக்கிரம் பதில் வரவேண்டுமானால், எதிராளி முடிப்பதற்குள்ளேயே வாக்கியத்தைத் தயார் செய்துவிட வேண்டும். எனக்கு அது சுலபம். பேசப் பேசத்தானே எனக்கு யோசனையே வரும்? நீயும் சின்னவளும் முழுசாகக் கேட்டு, உள்ளே போட்டுப் புரட்டி, தேறியதை மட்டும் வெளியே எடுக்கிறவர்கள். அதற்கு நாலைந்து விநாடி ஆகும். அந்த நாலைந்து விநாடியை நான் யாருக்கும் விட்டதில்லை.

1921-இல் யுங் என்ற மனவியல் அறிஞர் மனம் உள்நோக்கித் திரும்பியவர்களை அகமுகர் என்றும், வெளியே திரும்பியவர்களைப் புறமுகர் என்றும் பிரித்தார். நம் வித்தியாசமும் கிட்டத்தட்ட அதை ஒட்டியதுதான். அவருடைய கருத்துகளை வைத்து ஒரு தாயும் மகளுமாக உருவாக்கிய, ஆளின் குணத்தை நான்கு எழுத்தில் சொல்லிவிடும் சோதனையைச் சின்னவள் எனக்கும் வைத்தாள். அதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அது ஆளை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தள்ளிவிடுகிறது, நம்மில் பெரும்பாலோர் இருப்பதோ நடுவில். பொதுவான வார்த்தைகளில் எதை எழுதிக் கொடுத்தாலும் ‘அட, இது நான்தான்!’ என்று தோன்றிவிடவும் செய்கிறது. 1948-இல் ஃபோரர் என்ற மனவியலாளர் தன் வகுப்பின் 39 மாணவர்களுக்கும் ஒரே குணக்குறிப்பைத் தனித்தனியாக எழுதியதுபோல் கொடுத்திருக்கிறார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண், ஐந்துக்கு 4.26. அதனால் உன்மேல் எந்த எழுத்தையும் நான் ஒட்டப்போவதில்லை. ஆனால் அந்த நான்கு தட்டுகளை நான் கண்ணால் பார்த்தேன்.

இப்போது நம் விஷயம். போனில் நீ எவ்வளவு நேரம் பேசாமல் இருந்திருப்பாய்? ஐந்து விநாடி இருக்குமா? அதற்குள், "உனக்கென்ன, கல்லு" என்று வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து உன் கடிதம் வந்தது. பிரிக்காமலே அலமாரியில் போட்டேன். போன வாரம்தான் பிரித்தேன். நான்கு பக்கமும் அப்பா. சைக்கிள் பழகும்போது கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தது, நீ விழுந்து அழுதபோது ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது... எனக்கு அது மறந்தே போயிருந்ததடி. என்னை மன்னித்துவிடு.

உன்மேலும் எனக்குக் குறை உண்டு. போனில் உன் முகம் தெரியாது. நீ யோசிக்கிறாயா, சலித்துக்கொள்கிறாயா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? "இரு, யோசிச்சுச் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை போதும். எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருப்பேன்.

அப்பாவும் உங்கள் ஜாதிதான். கடைசி ஒரு மாதம் தினமும் சாயங்காலம் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அவர் மனம் சோர்ந்துவிடக் கூடாதென்று நானே பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று தரம் அவர் வாயெடுத்தார். தண்ணீர் வேண்டுமாப்பா, தலையணையை ஏற்றட்டுமா என்று நான் முந்திக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். என்ன சொல்ல வந்தாரோ. ராத்திரியெல்லாம் இதுதான் ஓடுகிறது. உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

சின்னவள் படிப்பைப் பற்றி உனக்குத் தனியாக எழுதுகிறேன் என்கிறாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கமாட்டேன். அவளுக்கு உடனே பதில் போட்டுவிடு. எனக்கு மெதுவாக எழுது. அப்பா உன்னிடம் எப்போதாவது என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், அதையும் எழுது.

உன்,
வாயாடி