ஹைலேண்ட் ரயில்வேயோட குட்டி எஞ்சின்கள முதல்ல பண்ணுங்க: பிரிட்டிஷ் மாடல் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஓஓ கேஜ்ல (நிஜத்துல ஒரு அடிய நாலு மில்லிமீட்டரா சுருக்குற மாடல் அளவு) ரெடி டு ரன், அதாவது பெட்டியத் திறந்ததும் ஓட்டலாம்ங்கற எஞ்சின் பண்ற பிரிட்டிஷ் மாடல் கம்பெனிக்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கே வந்துடறேன். ஸ்காட்லாந்து ஹைலேண்ட் ரயில்வேல இருந்து அடுத்து ஒரு எஞ்சின் பண்ணலாம்னு யாராவது யோசிச்சிட்டு இருந்தீங்கன்னா, அது டோர்னாக் பிராஞ்ச் லைன்ல ஓடுன 0-4-4 டேங்க் எஞ்சினா இருக்கட்டும் (டேங்க்னா தண்ணியையும் கரியையும் தன் மேலயே சுமக்கற எஞ்சின்; நம்பர் மூணும் முன், நடு, பின் சக்கரங்களோட எண்ணிக்கை, நடுவுல இருக்கறதுதான் ஓட்டுற சக்கரம்). அதுக்கடுத்து ஸ்மால் பென் வகை 4-4-0 எஞ்சின். ரிவர், கிளான் மாதிரி பெரிய எஞ்சின் பக்கம் போறதுக்கு முன்னாடி இந்த ரெண்டும் வரணும்னு கேட்டுத்தான் இந்த மடல். தமிழ்ல எழுதுறதுக்குக் காரணம், பிரிட்டிஷ் மாடல் வாங்கி ஓட்டுற நம்ம ஆளுங்களும் இதப் படிச்சு, சரின்னு பட்டா அவங்களும் சேர்ந்து கேக்கணும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஹைலேண்ட் ரயில்வே 1865ல ரெண்டு கம்பெனி சேர்ந்து உருவானது. தலைமையிடம் இன்வர்னஸ், ஒர்க்ஷாப் அங்கயே லாக்கார்ம். தெற்க பெர்த், வடக்க விக், தர்சோ, மேற்க 1897ல போய்ச் சேர்ந்த கைல் ஆஃப் லோகால்ஷ். ஆள் நடமாட்டமே இல்லாத மலையும் சதுப்பும், அதுக்கு நடுவுல ஒத்தத் தண்டவாளம். பெர்த்ல இருந்து இன்வர்னஸ் போற வழில ட்ரம்மாக்டர் கணவாய் 1,484 அடி உயரம், பிரிட்டன்லயே மெயின் லைன் ஏறுற உச்சி அதுதான். பனி, ஏத்தம், அதோட காசும் கம்மி, இந்த மூணும் சேர்ந்துதான் இந்தக் கம்பெனியோட எஞ்சின்கள இப்படிச் செதுக்குச்சுன்னு நான் நினைக்கிறேன். 1923ல எல்எம்எஸ்ங்கற (லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே) பெரிய கம்பெனில கலந்துபோச்சு.

ஹைலேண்டோட கூட்ஸ் எஞ்சினான ஜோன்ஸ் குட்ஸ் ஓஓல ரெடி டு ரன்னா வந்ததுக்கு முதல்ல மனசார நன்றி. டேவிட் ஜோன்ஸ் 1870ல இருந்து 1896 வரைக்கும் அங்க லோகோ சூப்பரின்டென்டண்ட், அவர் 1894ல பண்ணது பிரிட்டிஷ் மெயின் லைன்ல ஓடுன முதல் 4-6-0. கிளாஸ்கோ ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனில 15 எஞ்சின், அதுவும் சாம்பிளுக்கு ஒண்ணு பண்ணிப் பாப்போம்னு கூட இல்லாம வரைபடத்துல இருந்து மொத்தமா ஆர்டர் போட்டாங்க. அவ்வளவு சின்னக் கம்பெனி, இங்கிலாந்துல இருந்த பெரிய பெரிய ரயில்வேக்கெல்லாம் முன்னாடி இந்தக் காரியத்தப் பண்ணிருக்கு. அந்த எஞ்சின டெஸ்ட் பண்றப்பதான் ஜோன்ஸுக்கு கால்ல கொதிநீர் பட்டு பயங்கரமா வெந்துபோச்சு, அதோட பாதிப்புல ரெண்டு வருஷத்துல வேலையையே விட்டுட்டுப் போனார். அந்த மாடல எடுத்து சிம்னிய கிட்டக்க பாக்குறப்பல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். முன்பக்கம் வரிசையா ஜன்னல் ஷட்டர் மாதிரி வெட்டு வெட்டா இருக்கும் பாருங்க, வெளிய ஒரு கூடு, உள்ள இன்னொரு சிம்னி, ஓடுறப்ப அந்த வெட்டு வழியா காத்து உள்ள பூந்து புகைய மேல தூக்கி விட்டுடும், டிரைவர் கண்ணுல அடிக்காது. நாலு மில்லிமீட்டர் ஸ்கேல்ல அந்த வெட்ட சும்மா கோடு கீறி விடாம ஆழமா கொண்டு வந்தாத்தான் அது ஜோன்ஸ் எஞ்சின்.

கலர் விஷயத்துல ஒரு வேண்டுகோள். ஜோன்ஸ் குட்ஸ்ல மிஞ்சி இருக்கற நம்பர் 103 இப்ப கிளாஸ்கோ ரிவர்சைடு மியூசியத்துல மஞ்சளா நிக்குது. அது 1959ல ஸ்பெஷல் ரயில் ஓட்ட மறுபடி உயிர் குடுத்தப்ப அடிச்ச மஞ்சள், ஜோன்ஸுக்கு முன்னாடி இருந்த வில்லியம் ஸ்ட்ரௌட்லி காலத்து மஞ்சள். 1894ல எஞ்சின் வெளிய வந்தப்ப ஹைலேண்ட் பச்சைக்கு மாறி வருஷக்கணக்காயிடுச்சு. 1959ல இருந்து 1965 வரைக்கும் மஞ்சளா ஓடுனதும் உண்மைதான், அதனால மஞ்சள் மாடல் போடுறது தப்பில்ல, ஆனா பெட்டி மேல அது 1894 மாதிரின்னு அர்த்தம் வர்ற மாதிரி எழுதாதீங்க. புதுசா வர்றவங்க அத நம்பித்தான் பின்னாடி பழைய கோச்ச கோத்து விடுறாங்க.

இப்ப ஏன் குட்டி எஞ்சின் கேக்குறேன்னு சொல்றேன். ஒருத்தர் ஆசையா ஜோன்ஸ் குட்ஸ் வாங்குறார், வீட்டுல ஒரு சின்ன ரூம், ஆறடி எட்டடி பலகை. அந்த எஞ்சின் மெயின் லைன்ல நீளமா கூட்ஸ் வண்டி இழுக்கப் பொறந்தது. அது ஓடுற ஊரக் காட்டணும்னா பெரிய ஸ்டேஷன் வேணும், பெரிய வளைவு வேணும், கூட ஓட பேசஞ்சர் எஞ்சின் வேணும். கடைல அது எதுவும் கிடையாது. அதனால ஜோன்ஸ் குட்ஸ் கண்ணாடி அலமாரில போய் உக்காந்துடுது, ஹைலேண்ட் லேஅவுட் யாரும் ஆரம்பிக்கிறதே இல்ல, ஆரம்பிக்காததால ஹைலேண்ட் மாடலுக்கு மார்க்கெட் இல்லன்னு நீங்க சொல்றீங்க. இந்த வட்டத்த உடைக்கிறது ஒரு குட்டி பிராஞ்ச் எஞ்சினாலதான் முடியும்.

கிட் (தனித்தனி பாகங்களா வர்ற பெட்டி) வாங்கிக் கட்டிக்கோங்கன்னு சொல்லுவீங்க. கட்டுறவங்க கட்டிட்டுத்தான் இருக்காங்க, நானும் கட்டிருக்கேன், அந்த சந்தோஷமே தனி. ஆனா அது எல்லாருக்கும் ஆகுற வேலை இல்ல. பித்தளைத் தகடுல இருந்து ஃப்ரேம மடிச்சு சோல்டர் வச்சு, ஒவ்வொரு ஆக்சில்லயும் இந்தப் பக்க சக்கரத்தோட கிராங்க் பின்னும் அந்தப் பக்கத்ததும் சரியா 90 டிகிரி தள்ளி நிக்கணும், அதுல கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் ஒண்ணு வந்தாலும் சக்கரம் ஒரு சுத்துக்கு ஒரு தடவ டக்குன்னு புடிச்சு புடிச்சு விடும், சக்கரங்கள இணைக்கற ராட கழட்டி, ஓட்டைய ஊசி ஃபைல்ல லேசா ராவி, மறுபடி மாட்டி ஓட்டிப் பாத்து, திரும்பவும் கழட்டி. கண்ணு சரியா தெரியாத பெரியவங்க, வேலைக்குப் போய்ட்டு ராத்திரி பத்து மணிக்கு வர்றவங்க, இவங்களுக்கெல்லாம் ஹைலேண்ட் வேணாமா?

இப்ப டோர்னாக். 1902ல திறந்த லைட் ரயில்வே (எடை கம்மியான எஞ்சின் மட்டும் போற சிக்கனமான லைன்), தி மவுண்ட்ங்கற ஜங்ஷன்ல இருந்து டோர்னாக் ஊர் வரைக்கும் எட்டு மைலுக்கும் கொஞ்சம் கம்மி. தாமஸ் டெல்ஃபோர்ட் 1816ல லாக் ஃப்ளீட் கழிமுகத்துக்குக் குறுக்க கட்டி முடிச்ச கரை ஒண்ணு இருக்கு, அந்தக் கரை மேலதான் ரோட்டோரமா தண்டவாளமும் போச்சு. ஒரு பக்கம் கடல் தண்ணி, ஒரு பக்கம் சேத்து நிலம், நடுவுல ஒரே ஒரு கோச்சும் ரெண்டு மூணு வேகனும் சேத்துக்கிட்டு ஒரு குட்டி எஞ்சின். கேம்பசேவி, ஸ்கெல்போ, எம்போன்னு சின்னச் சின்ன ஸ்டேஷன். இதவிட ஒரு ரூம் லேஅவுட்டுக்கு என்னங்க வேணும்? முழு லைனையும் ஓஓ ஸ்கேல்ல போட்டா 160 மீட்டர் தாண்டும், அது யாராலயும் முடியாது, ஆனா டோர்னாக் டெர்மினஸ மட்டும் ஒரு புக் ஷெல்ஃப் மேல வச்சுடலாம், பெருசா எதையும் வெட்டிச் சுருக்க வேண்டியதே இல்ல.

அங்க ஓடுனது பீட்டர் ட்ரம்மண்ட் 1905-06ல லாக்கார்ம் ஒர்க்ஷாப்லயே பண்ண 0-4-4 டேங்க், மொத்தமே 4 எஞ்சின். அந்த ஒர்க்ஷாப் கடைசியா கட்டுன எஞ்சின்கள் இதுங்கதான். அதுல ரெண்டு, 55051ம் 55053ம், ஹைலேண்ட் போய், எல்எம்எஸ் போய், அரசாங்கத்தோட பிரிட்டிஷ் ரயில்வேஸ் (பிஆர்) காலத்துலயும் அந்தக் கரை மேல ஓடிட்டே இருந்துச்சு. 55051 1956ல போச்சு. 1957 ஆரம்பத்துல 55053ஓட ஆக்சில் ஒடஞ்சது, அதோட ஹைலேண்ட் எஞ்சின்னு சொல்லிக்க வேலைல ஒண்ணுமே மிச்சமில்ல. அப்புறம் அந்த லைட் ரயில்வேக்கு ஏத்த எடைல வேற எஞ்சின் தேடி, கடைசில எங்க இருந்து கொண்டு வந்தாங்க தெரியுமா, ஸ்விண்டன்ல பண்ண 16XX பேனியர் டேங்க் (பாய்லரோட ரெண்டு பக்கமும் தண்ணித் தொட்டி இருக்கற எஞ்சின்)! இங்கிலாந்தோட கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே ஜாடைல இருக்கற எஞ்சின் ஸ்காட்லாந்தோட வடகோடில. 1646ம் 1649ம் 1960ல லைன மூடுற வரைக்கும் அங்கதான் இருந்துச்சு.

அந்த 16XX ஓஓல ரெடி டு ரன்னா வந்தாச்சு. நல்ல மாடல். ஆக டோர்னாக் லைனோட கடைசி மூணு வருஷத்த நான் நாளைக்கே மேஜை மேல ஓட்டலாம், அதுக்கு முன்னாடி அரை நூற்றாண்டு ஓடுன சொந்த எஞ்சின ஓட்ட முடியாது. மாத்து ஆள் கிடைக்குது, சொந்தக்காரன் கிடைக்கலங்கறது எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கு. பேனியர் வாங்குனவங்க எத்தன பேர் டோர்னாக் டேங்கையும் வாங்குவாங்கன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

பண்றப்ப ஒரு விஷயம் கவனிக்கணும். 0-4-4ல மோட்டார் சுத்துற சக்கரம் முன்னாடி ரெண்டு ஜோடி மட்டும்தான், பின்னாடி கேப், கரி பங்கர் எல்லாம் போகி (மோட்டார் சுத்தாத பின்சக்கரத் தொகுதி) மேல உக்காந்திருக்கும். எடை பின்னால சாஞ்சா முன்சக்கரம் தூக்கிக்கிட்டு வழுக்கும், கோச்சே ஏறாது. பாய்லரையும் சைடு டேங்கையும் டைகாஸ்ட்ல பண்ணி, பங்கர பிளாஸ்டிக்ல பண்ணி, எடையோட மையம் ரெண்டு டிரைவிங் ஆக்சிலுக்கு நடுவுல விழுற மாதிரி பாத்துக்கோங்க. ஒரு கோச்சு நாலு வேகன் இழுத்தா போதும், நாங்க அதுக்கு மேல கேக்கல. டிராக்‌ஷன் டயர் (சக்கரத்துல மாட்டுற ரப்பர் வளையம்) மட்டும் வேணவே வேணாம், கரண்ட் எடுக்கறது போயிடும், குட்டி எஞ்சின் தண்டவாளம் பிரியற ஒவ்வொரு பாயிண்ட்லயும் திக்கித் திக்கி நிக்கும்.

ஸ்மால் பென்னும் ட்ரம்மண்ட் பண்ணதுதான், 1898ல ஆரம்பிச்சு 1906 வரைக்கும் 20 எஞ்சின். ஆறடி டிரைவிங் வீல், சிலிண்டர் ரெண்டும் ஃப்ரேமுக்கு உள்ள. வெளிய வால்வ் கியர் (சிலிண்டருக்கு நீராவி விடுறத கட்டுப்படுத்தற கம்பிகள்) எதுவும் இல்ல, அதனால டூலிங் செலவும், அதாவது அச்சு வெட்டுற செலவும், குறையும், அசெம்பிளில உடையற பார்ட்டும் குறையும், இது உங்களுக்கே நல்லாத் தெரியும். எல்லாமே மலைப் பேரு, பென் ஆல்டர், பென் விவிஸ், பென் கிளெப்ரிக்னு ஸ்ப்ளாஷர் (சக்கரத்துக்கு மேல இருக்கற மூடி) மேல வளைவா பெயிண்ட்ல எழுதிருப்பாங்க. 1950கள் வரைக்கும் ஓடுனதால ஹைலேண்ட் பச்சை, எல்எம்எஸ் சிவப்பு, எல்எம்எஸ் கறுப்பு, பிஆர் கறுப்புன்னு ஒரே டூலிங்ல நாலு காலம் விக்கலாம். ஆனா எல்எம்எஸ்ல கலிடோனியன் (இன்னொரு ஸ்காட்லாந்து ரயில்வே) மாதிரி பாய்லர மாட்டுனாங்க, அதனால பாய்லர் ரெண்டு விதமாவும் பண்ணியே ஆகணும். பழைய பாய்லர் மேல பிஆர் நம்பர ஒட்டி விக்காதீங்க, இதுல எங்கள சமாளிக்க முடியாது.

பென் ஆல்டர் கதைய எழுதும்போது இப்பவும் ஆத்திரம் வருது. 54398ங்கற நம்பரோட 1953ல அது வேலைய விட்டு நின்னுச்சு. பாதுகாக்கறோம்னு எடுத்து வச்சாங்க, வருஷக்கணக்கா ஒதுக்குப்புறமா நின்னுச்சு, கடைசில 1966ல உடைச்சுட்டாங்க. பதிமூணு வருஷம் வச்சிருந்து உடைச்சாங்க! இன்னைக்கு ஹைலேண்ட் ரயில்வே எஞ்சின்னு முழுசா பாக்கணும்னா உலகத்துல 103 ஒண்ணுதான். மாடல் பண்றதுக்கும் இதுல சம்பந்தம் இருக்கு, லேசர் ஸ்கேன் பண்ண பென் எஞ்சின் எங்கயும் கிடையாது. வரைபடம், பழைய ஃபோட்டோ இத வச்சுத்தான் பண்ணணும். அதுக்கு ஹைலேண்ட் ரயில்வே சொசைட்டி இருக்கு, வாழ்நாள் முழுக்க இதையே நோண்டிட்டு இருக்கற ஆளுங்க. சிஏடி (கம்ப்யூட்டர் வரைபடம்) போட்டு முடிச்சுட்டு போய் காட்டாதீங்க, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போய் கேளுங்க. டூலிங் வெட்டுனதுக்கப்புறம் ரிவெட் வரிசை தப்புன்னு தெரிஞ்சு யாருக்கு லாபம்?

4-4-0 இழுக்காதுன்னு ஒரு பேச்சு எப்பவும் வரும். டெண்டரோட (எஞ்சினுக்குப் பின்னாடி கரி, தண்ணி சுமக்கற வண்டி) முன்பக்க எடைய டிராபார் வழியா எஞ்சினோட பின்பக்கத்துல உக்கார வச்சா டிரைவிங் வீலுக்கு நல்ல புடி கிடைக்கும், மத்த 4-4-0ல இத ஏற்கனவே நிறைய பேர் பண்ணிக் காட்டிட்டாங்க.

ரிவர் கிளாஸ் வேணாம்னு நான் சொல்லல. அதோட கதை தெரிஞ்சா யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். 1915ல எஃப் ஜி ஸ்மித் டிசைன் பண்ணி ஹாதார்ன் லெஸ்லி கம்பெனில 6 எஞ்சின் ஆர்டர், வந்து சேந்ததும் சிவில் எஞ்சினியர் அலெக்சாண்டர் நியூலண்ட்ஸ் என் பாலம் இத தாங்காதுன்னு நிறுத்திட்டார், ஸ்மித் வேலைய விட்டுப் போனார், ஆறையும் கலிடோனியன் ரயில்வே வாங்கிக்கிச்சு. எல்எம்எஸ் காலத்துல அதே எஞ்சின் அதே ஹைலேண்ட் லைன்ல ஓடுச்சு, பாலம் எதுவும் விழல. அருமையான எஞ்சின். ஆனா ஹைலேண்ட் ரயில்வேக்காக அது ஓடவே இல்லையே, அத வச்சு ஹைலேண்ட் லேஅவுட் எப்படி ஆரம்பிக்க? கிளான், கேஸில் ரெண்டும் பின்னாடி வரட்டும், நாங்க காத்திருக்கோம்.

விலை விஷயத்துல நாங்களும் நியாயமா நடந்துக்குவோம். 4 எஞ்சின் மட்டுமே இருந்த கிளாஸுக்கு பெரிய எண்ணிக்கைல விக்காதுன்னு தெரியும், ப்ரீ ஆர்டர் திறந்தா முன்பணம் கட்டுறோம், ரெண்டு வருஷம் ஆகும்னா ஆகட்டும். முதல் பேட்ச்ல ஹைலேண்ட் பச்சைல ஒண்ணு, எல்எம்எஸ் கறுப்புல ஒண்ணு, பிஆர் கறுப்புல 55051, 55053. கூடவே அந்த ஒத்தக் கோச்சுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு குடுத்தா ரொம்ப சந்தோஷம், இல்லன்னா அத நாங்களே கட்டிக்கறோம். எஞ்சின மட்டும் நீங்க பண்ணிக் குடுங்க.

அன்போடும் எதிர்பார்ப்போடும்,
ஹைலேண்ட் ரயில்வே மேல உசுரா இருக்கற ஒரு மாடல்காரன்