ராகி என்று ஒரு வரி போதாது: பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களுக்குத் திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மானாவாரிப் பயிர்களோடும் விதைகளோடும் வேலை செய்கிறவர்கள் எழுதுகிறோம்.

2002 பல்லுயிர்ச் சட்டப்படி மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, அதாவது ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய மரபறிவையும் பதியும் ஏடு, எழுதுவது உங்கள் பொறுப்பு. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காவிட்டால் மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததும் நாடெங்கும் பதிவேடுகள் அவசரமாக எழுதப்பட்டன. அப்படி எழுதியதில் மிஞ்சுவது பெயர்கள்தான்: வேம்பு, புங்கன், ராகி, சாமை. இதை வைத்து ஒரு விதையைக்கூட மீட்க முடியாது.

சித்தேரியிலோ அஞ்செட்டியிலோ ராகி தனியாக நிற்பதில்லை. ஊடே மொச்சை, ஓரத்தில் ஆமணக்கு, இடையிடையே கடுகு. ராகி அறுத்த பிறகு, மார்கழிப் பனியில் மொச்சை பூத்துக் காய்க்கும். ஆகவே எத்தனை சால் (உழவுக் கோடு) ராகிக்கு ஒரு சால் மொச்சை, எந்த மழைக்கு விதைப்பு, செம்மண்ணா சரளையா என்று எழுதுங்கள். சாமைக்கு விதைக்கும் காலம் இன்னும் முக்கியம். பட்டம் தவறிப் பிந்தி விதைத்தால் குருத்து ஈ இளம்பயிரின் நடுக்குருத்தைக் காயவைத்துவிடும். "முதல் மழைக்கே போடு" என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

ரகங்களைத் தனித்தனியாகப் பதியுங்கள்: உள்ளூர்ப் பெயர், எத்தனை நாள் பயிர், தாள் உயரம், கதிர் விரிந்ததா மூடியதா, களிக்கா கூழுக்கா. ராகி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல்கொள்ளும் பயிர். ரகம் கலப்பது வயலில் அல்ல, கதிரடிக்கும் களத்தில். விதைக்கதிரை அறுவடைக்கு முன்பே வயலின் நடுப்பகுதியில், பல நூறு செடிகளிலிருந்து கொய்து, தனியாக அடித்துத் தூற்ற வேண்டும். கதிரைப் போராகக் குவித்துச் சூடேறினால் முளைப்பு கெடும். நன்றாகக் காய்ந்த ராகி விதை ஆண்டுக்கணக்கில் கெடாது. முதலில் போவது மொச்சைதான். வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டுவிடுவதால் வீட்டுத் தானியக் குதிர்களைச் சுத்தம் செய்வது மட்டும் போதாது. செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைக்கும் முறையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கணக்கெடுப்புக்கு வருபவரோ வீட்டு ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்.

நியாயவிலைக் கடைக்குத் தருமபுரியில் ராகி கொள்முதல் நடப்பது நல்லதே. ஆனால் கொள்முதல் நிலையத்தில் எல்லா ராகியும் ஒரே ராகிதான். வேறுபாடு எழுத்தில் நிற்க உங்கள் பதிவேட்டை விட்டால் வேறு இடமில்லை.

எல்லாவற்றையும் எழுதிவிடவும் வேண்டாம். நன்னாரி எந்தச் சரிவில் கிடைக்கிறது என்று ஊர் முழுக்க அறிவித்தால் அடுத்த கோடைக்குள் வேரோடு போய்விடும். எப்படித் தோண்டுவது, எவ்வளவு வேரை மண்ணிலேயே விடுவது என்பதை எழுதுங்கள், இடத்தை விடுங்கள். மருந்துக் கலவையைச் சொன்னவரின் சம்மதம் இல்லாமல் பதியாதீர்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(கே) பிரிவு, காட்டை நம்பி வாழும் சமூகங்களுக்கு அவர்களின் மரபறிவின் மேல் உரிமை தருகிறது. இருளர், மலையாளி பழங்குடிகளின் குடியிருப்புகளில் கேட்கப் போகும்போது முதலில் அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

பதிவேட்டை ஜனவரி 26 கிராம சபையில் உரக்க வாசியுங்கள். ராகி களத்திலிருந்து வீட்டுக்கு வந்திருக்கும், மொச்சை பறிப்பு நடந்துகொண்டிருக்கும். எழுதியது தவறென்றால் அங்கேயே கதிரைக் காட்டித் திருத்துவார்கள்.