அதே மனையில் எங்களுக்கும் வீடு கட்டுங்கள்: மாநகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநகர மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நகர மையத்தில் எழவிருக்கும் அடுக்குமாடித் தொகுப்பில் ஒரு பகுதியை நடுத்தர வருமானத்தினருக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, அவ்வீடுகளைப் புறநகரில் கட்டிக்கொள்ள நீங்கள் அனுமதித்திருக்கிறீர்கள். பின்னணி முழுவதையும் நீங்கள் அறிவீர்கள். அந்த வீடுகள் அதே மனையில்தான் அமைய வேண்டும் என்பது என் கோரிக்கை.

நான் அந்த வட்டாரத்து மருத்துவமனையொன்றில் செவிலியர். மாலைப் பணி முடியும் வேளையில் ஒரு நோயாளியின் நிலை மோசமானால், யாருக்கும் அப்படியே கிளம்ப மனம் வராது. அப்படித் தாமதமாகும் இரவுகளில் என் தோழி கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, உடை மாற்றும் அறையில் நாற்காலிகளைச் சேர்த்துப்போட்டு, கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்கிறார். முதல் பேருந்தைப் பிடித்து அவர் வீடு சேரும்போது மகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். அன்று மாலையே அவருக்கு மறுபடியும் பணி. அருகில் குடிவர அவர் முயலாமல் இல்லை. அரசு வீட்டுக்கு விண்ணப்பித்தால் வருமான உச்சவரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்கிறார்கள். வெளியே தேடினாலோ சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகை கேட்கிறார்கள். வீட்டுச் செலவு வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற பரவலான அளவுகோல் எங்களுக்கு எட்டாக்கனியாகிவிட்டது.

மைய நிலம் விலை உயர்ந்தது என்பதை ஒரு காரணமாகச் சொல்கிறீர்கள். நிலம் அரிதான சிங்கப்பூரில், நகரின் நடுவே தஞ்சோங் பகாரில், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 50 மாடிகள் கொண்ட ஏழு கட்டடங்களில் 1,848 வீடுகளை 2009இல் கட்டி முடித்தது. அந்நகரின் மையப் பகுதியில் கட்டும் அரசு வீடுகளுக்கு 2021இல் அறிமுகமான திட்டத்தின்படி, வீடு வாங்கியவர் 10 ஆண்டுகள் குடியிருந்த பிறகே விற்க முடியும். விற்கும்போது கூடுதல் மானியத்துக்கு ஈடாக விலையில் ஒரு பங்கைத் திருப்பித் தரவும் வேண்டும். ஊக வணிகத்துக்கு வழியடைக்கும் இத்தகைய விதிகளை நீங்களும் வகுக்கலாமே. முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டிவைத்த வீடுகள் எங்கள் மருத்துவமனையைச் சுற்றிலும் இருக்க, நகரை இயக்கும் செவிலியரும் ஆசிரியரும் பேருந்து ஓட்டுநரும் மட்டும் ஏன் எல்லைக்கு அப்பால் போக வேண்டும்? இதற்கு மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினரும் வாய் திறக்கவில்லை என்பது எங்களை மிகவும் புண்படுத்தியது.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். கட்டுமானம் தொடங்கும் முன்பே தளர்வை விலக்கி, ஒதுக்கீட்டு வீடுகளை அதே மனையில் கட்டவும், வாடகையை வருமானத்தோடு இணைத்து நிர்ணயிக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாலைப் பணிச் செவிலியர் ஒருவர்