‘எல்லாம் நார்மல்’ என்று அனுப்பிவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தனியார் மருத்துவமனை ஒன்றின் காப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அடிக்கடி வயிற்றுவலி என்று சேர்க்கப்படும் பள்ளிப் பிள்ளைகளின் ஃபைல் எப்போதும் தடியாகத்தான் இருக்கும். மூன்று லேப்களின் ரத்தப் பரிசோதனை, வெவ்வேறு ஊர்களில் எடுத்த அல்ட்ராசவுண்ட், சிலருக்கு எண்டோஸ்கோப்பி. எல்லாமே நார்மல். பிள்ளைக்கு மட்டும் தொப்புளைச் சுற்றி வலி நின்றபாடில்லை.

இது அபூர்வமான விஷயம் இல்லை. இங்கிலாந்தின் ஜான் ஏப்லி என்ற குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி வலி வந்து வந்து போகிறது என்று 1958லேயே எழுதிவிட்டார். பெரும்பாலானவர்களுக்கு உறுப்பில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையே உள்ள நரம்புகள் எதையும் அதிகமாக உணரத் தொடங்கிவிடுவதால் சாதாரண வாயுகூட வலியாகத் தெரிகிறது. பிள்ளை நடிக்கவில்லை.

ஸ்கேனில் ஏதாவது தெரிந்துவிட்டால் அது வேறு தொல்லை. பிள்ளைகள் வயிற்றில் சிறு நிணநீர்க் கணுக்கள் தெரிவது சகஜம். ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்ததும், ‘நெறி கட்டியிருக்காம், டிபியா இருக்குமோ’ என்று அடுத்த டாக்டரிடம் ஓடுகிறார்கள். அங்கே ஆன்டிபயாடிக், மறுபடி ஸ்கேன், அப்புறம் சிடி.

செலவுக்கு வருகிறேன். வெளிநோயாளியாகப் பார்த்தால் சாதாரண பாலிசியில் பைசா வராது. அதனால் அட்மிஷன், டிரிப்ஸ். ஆனால் பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தால் பணம் கிடையாது என்பதும் பாலிசியிலேயே இருக்கிறது. டிஸ்சார்ஜ் தாளில் ‘பெயின் அப்டமன் ஃபார் எவாலுவேஷன்’ (வயிற்றுவலி, காரணம் அறியப் பரிசோதனை) என்று இருந்தால் கிளெய்ம் திரும்பி வரும். ‘அக்யூட் கேஸ்ட்ரைடிஸ்’ (திடீர் இரைப்பை அழற்சி) என்று இருந்தால் தாண்டிவிடும். தாளில் எது ஏறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மருத்துவமனையில் அந்தத் தாளைக் காட்டி, இல்லாத வியாதிக்கு மாத்திரை வாங்குகிறார்கள்.

பில்லில் வராத செலவும் உண்டு. நெதர்லாந்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு 2015ல் வெளியிட்டார்கள். தலைக்குச் சுமார் 2,500 யூரோ. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், பெற்றோர் வேலைக்குப் போகாததால் வந்த நஷ்டம். நம் ஊரில் தினக்கூலிக்குப் போகிற அம்மாவுக்கு அது எவ்வளவு என்று யார் கணக்கெடுப்பது?

எடை குறைவது, மலத்தில் ரத்தம், விடாத வாந்தி அல்லது காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வளர்த்தி நின்றுபோவது இருந்தால் தாமதிக்காமல் சோதிக்கத்தான் வேண்டும். இவை எதுவும் இல்லாத பிள்ளைக்கு, முதலில் பார்க்கும் மருத்துவரே கால் மணி நேரம் உட்கார்ந்து இது என்ன வலி, எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும், எந்தச் சோதனையை இனி எடுக்கத் தேவையில்லை என்று தமிழில் எழுதிக் கொடுக்கலாம். பள்ளிக்கு அனுப்பச் சொல்வதும் அதில் சேர வேண்டும். வீட்டிலேயே படுக்க வைப்பதால் வலி குறைவதில்லை.

இந்த வலிக்கு உளவியல் சிகிச்சை பலன் தருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒரு சிடி ஸ்கேனுக்கு ஆகும் பணத்தில் மனநல ஆலோசகரிடம் சில முறையாவது போகலாம். முதல்வர் காப்பீட்டுத் திட்டமும் தனியார் நிறுவனங்களும் படுக்கையில் சேர்க்காமலே இதற்குப் பணம் தர வழிசெய்ய வேண்டும்.

வாசகி,
மதுரை