செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்: மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் சர்க்கரை மாத்திரை வாங்கிவந்த என் தந்தையாரின் வலது கால், சென்ற மாதம் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் மனு தங்கள் மேசையில்தான் இருக்கிறது. அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறிய சீமைக்கருவேல முள்ளை அப்பா உணரவே இல்லை. தரையில் திட்டுத் திட்டாகத் தெரிந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு அம்மாதான் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். மாத்திரை வாங்கப் போன அன்று முள் குத்தியதைச் சொன்னோம். "காய்ச்சல் இல்லையே, பயப்பட வேண்டாம்" என்றார்கள். நோட்டில் சர்க்கரை 312 என்று எழுதி, அதே மாத்திரைகளை மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே நீட்டினார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.

காய்ச்சல் இல்லை என்பதை நம்பியதுதான் ஐயா, எங்களுக்கு வினையாயிற்று. கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிவர வேண்டிய நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள், இரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது தாமதித்தே வருகின்றன. வந்தாலும் விழுங்கிக் கொல்லும் வலு அவற்றுக்குக் குறைந்துவிடுகிறது. மிகுதியான குளுக்கோஸைச் சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாற்றுவதிலேயே, அணுவுக்குள் இருக்கும் என்.ஏ.டி.பி.எச். என்ற பொருள் செலவாகிவிடுவதால், கிருமியைக் கொல்லும் வீரிய ஆக்சிஜனை உண்டாக்க அந்த அணுக்களிடம் போதிய கையிருப்பு இருப்பதில்லை. பின்னால் வந்து புண்ணைத் துப்புரவாக்கி ஆற்ற வேண்டிய மேக்ரோஃபேஜ் அணுக்களோ, அழற்சியை மூட்டும் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. கிருமி உள்ளே பரவிய பின்னும் பலருக்குக் காய்ச்சல் வருவதில்லை. நரம்பு மரத்த காலில் வலியும் இருப்பதில்லை. அப்படிப்பட்டவரிடம் வாயால் கேட்டு என்ன தெரிந்துகொள்ள முடியும்? கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, ஸ்டீராய்டும் கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்த உடம்பில் கருப்புப் பூஞ்சை என்ன செய்தது என்று நாடே பார்த்தது. பிறகு எல்லாரும் மறந்துவிட்டோம். ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று நீரிழிவு விழிப்புணர்வு நடைப்பயணம் மட்டும் தவறாமல் நடக்கிறது. நடப்பதற்குக் கால் வேண்டுமே என்ற யோசனைதான் யாருக்கும் வரவில்லை. மன்னிக்க வேண்டும், நான் கேட்க வந்தது வேறு.

சர்க்கரை நோயாளி எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கு வரை பார்க்கும்படி உத்தரவிடுங்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று போதும். சில நிமிட வேலைதான். 312 என்று எழுதும் கை, அதே மாத்திரையை மறுபடி எடுத்துக் கொடுப்பதற்கு முன் நோயாளியை மருத்துவரிடம் அனுப்பவும் வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பாவை மாத்திரை வாங்க அழைத்து வருகிறேன். மிச்சமிருக்கும் இடது காலின் செருப்பையாவது அன்று கழற்றச் சொல்லும்படி தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சர்க்கரை நோட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே வரும் மகள்